பென்சில் நின்ற இடம்

வெடிப்பு ஏழு.
ஆறு, வெயில் போட்டது.
ஏழாவது நான்:
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய அன்று
ஜன்னல் இடுக்கில் கம்பி விட்டுத் துழாவியதில் வந்தது.

எழுபத்திரண்டாம் வருஷத்து வேலியண்ட்.
போர்ட் அகஸ்டாவில் நிழலுக்கு வாடகை அதிகம்,
கார் வெளியில்தான் நிற்கும்.
டாஷ்போர்டு பித்தவெடிப்புக் குதிகாலாகி
உள்ளிருந்த மஞ்சள் நுரை பொடிப்பொடியாய்
மெரிடியின் கறுப்புப் பாவாடையில் உதிரும்.
தட்டிவிட்டுக்கொள்வாள்.
எதுவும் சொல்லமாட்டாள்.
அந்த 'எதுவும்'தான்
என்னைத் தொலைபேசியை எடுக்கவைத்தது.

வயால்லாக்காரர் சொன்னார்:
சீட்டா, இன்றைக்கே கொண்டு வா.
டாஷ்போர்டா,
அச்சில் வைத்துக் காற்றை உறிஞ்சி
ஆலை ஒட்டிய தோல் அது.
ஊசி நூல்காரனிடம் ஏன் கேட்கிறாய்?

குவார்னில் சேணம் தைப்பவர்
அசல் தோலிலேயே செய்யட்டுமா என்றார்.
மாட்டைப் பார்த்துக்கொண்டே
மாடு மேயும் சாலையில் ஓட்ட
எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடிலெய்டின் பெரிய கடை விலை சொன்னது.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
இவர்கள் சொன்ன சுமைகூலிக்கு
இன்னொரு சுண்டைக்காயே வாங்கிவிடலாம்,
நாலு டயரோடு.
மேலே ஒட்டுகிற பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே
என்றான் கடைப்பையன்,
பொய்ப்பல் விற்பவன் குரலில்.

பல்லாலேயே விடிந்தது.
மார்ச் மாதம், கடைவாய்ப் பல்.
வாயைத் திறந்து படுத்திருந்தேன்.
கை தன்பாட்டுக்கு நாற்காலியின் விளிம்பைத் தடவியது.
தலை புதையும் குழி, தோள் ஏறும் மேடு,
எங்கும் ஒரு சுருக்கமில்லை, தையலில்லை.
யார் செய்தது என்று கேட்டேன்.
வாய் நிறையப் பஞ்சு.
வலிக்கிறதென்று நினைத்து
இன்னொரு ஊசி போட்டார்.

போர்ட் பிரீயில் மீன் கிட்டங்கிக்குப் பின்னால்
ஓரியானா டெ பின்டோவின் கொட்டகை.
மூன்று பல் நாற்காலி, உடற்பயிற்சிப் பலகை ஒன்று,
நடுவில் மல்லாந்து என் டாஷ்போர்டு.
கார் வேலை செய்ததில்லை என்றாள்.
வெடிப்பில் சுண்டுவிரல் விட்டு ஆழம் பார்த்தாள்.
"மேடு சொன்னபடி கேட்கும்.
மீட்டருக்கு மேலே இந்தக் குழிவுதான்
சூடேறினால் தோலைக் கைவிடும்.
பாதிப் பணம் இப்போது.
ஒரு கோடை தாண்டிக் கொப்புளம் வராவிட்டால்
மீதி."

மூன்று வாரம்
வெறும் தகரமும் ஒயர்களும் முன்னால் வைத்து ஓட்டினேன்.
உடுப்பில்லாத ஒருவரை
முகம் பாராமல் பேசுகிற மாதிரி.

திரும்பி வந்தது.
கறுப்பு, மினுக்கமில்லாத கறுப்பு,
பழைய தோலின் அதே மணல்மணியான வரி.
அதன் பக்கத்தில்
ஸ்டியரிங் கிழடாகத் தெரிந்தது,
கதவுப்பிடி கிழடாகத் தெரிந்தது,
ஸ்டியரிங்கைப் பிடித்த கையைப் பற்றிப்
பேச விருப்பமில்லை.

முதல் வளைவில் பென்சில் விழுந்தது.

பெட்ரோல் கணக்கு எழுதுகிற பென்சில்.
பதினோரு வருஷம்
நடு வெடிப்பில் செங்குத்தாய் நின்றது.
இன்று வழவழப்பில் உருண்டு
மெரிடியின் மடியில் போய்க் கிடந்தது.
எடுத்துக் கொடுத்தாள்.
அடுத்த வளைவில் மறுபடியும்.

பிப்ரவரியில் நாற்பத்தாறு டிகிரி.
குழிவில் கொப்புளம் இல்லை.
மீதிப் பணத்தோடு போனேன்,
பென்சில் விவகாரத்தையும் சொன்னேன்.
"வெடிப்பு வைத்துத் தரலாம்,
அதற்குத் தனிக் கூலி" என்றாள் ஓரியானா,
சிரிக்காமல்.

இப்போது பென்சில் மெரிடியின் கொண்டையில்.
நோட்டும் அவளிடம்.
நேற்று க்ளேர் சாலையில்
பதினோரு வருஷக் கணக்கையும் முதலிலிருந்து புரட்டி,
"இந்தக் கார் இவ்வளவா குடித்திருக்கிறது?" என்றாள்.

நான்
எதுவும் சொல்லவில்லை.